பி.டி. பீரியடும் உடற்கல்விப் பாடமும்

(ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பதினொன்றாம் வகுப்பில் உடற்கல்வியை ஒரு பாடமாக எடுக்கலாமா, எடுத்தால் பின்னால் என்ன பயன்? இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிறகு, யாரும் கேட்காத மூன்றாவது ஒன்றைப் பற்றியும் பேசப்போகிறேன். வயதானவனைக் கூப்பிட்டால் இந்தத் தொல்லை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடத்தின் எண் 048. மொத்தம் 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. பன்னிரண்டாம் வகுப்பில் பத்து அலகுகள் இருக்கின்றன. போட்டிகளை நடத்தும் முறையில் தொடங்கி யோகா, உணவு, உடல்திறன் அளவீடு, விளையாட்டுக் காயங்கள், உயிர் இயக்கவியல், உளவியல், பயிற்சி முறைகள் என்று போகும். "சும்மா மார்க் வர்ற சப்ஜெக்ட் சார்" என்று பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. இயற்பியலோடு ஒப்பிட்டால் சுலபம்தான். ஆனால் படிக்காமல் வராது. ஒரு கேள்வியைப் பார்ப்போம்.

பத்தொன்பது அணிகள் நாக்-அவுட் முறையில் மோதுகின்றன. மொத்தம் எத்தனை ஆட்டம்? காகிதம் வேண்டாம். ஓர் ஆட்டம் முடிந்தால் ஓர் அணி வெளியேறும். கடைசியில் ஒன்று மிஞ்ச வேண்டுமென்றால் பதினெட்டு அணிகள் வெளியேற வேண்டும். ஆகவே 18 ஆட்டம். சரி, முதல் சுற்றில் எத்தனை அணிகளுக்கு 'பை' கொடுப்பது? இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று பெருக்கிக்கொண்டே போனால் 19-ஐத் தாண்டி வருவது 32. அதில் 19-ஐக் கழித்தால் 13. பதின்மூன்று அணிகள் ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போகும். மீதி ஆறு அணிகள் மூன்று ஆட்டம் ஆடி, மூன்று அணிகள் போய்ச் சேரும். அங்கே பதினாறு ஆகிவிட்டது, இனி சிக்கல் இல்லை. இதையே லீக் முறையில் நடத்தினால் 171 ஆட்டம். திருவிழாக் கபடியில் ராத்திரி பதினொரு மணிக்கு ஃபிக்சர் போட உட்கார்ந்து, "எங்க டீமுக்கு ஏன் பை இல்ல?" என்று இளைஞர் மன்றமே இரண்டாக உடைவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் இந்தப் பாடத்தைப் படித்த பையன் ஒருவன் இருந்திருந்தால் எல்லோரும் நேரத்தோடு தூங்கப் போயிருப்பார்கள்.

இன்னொன்று, ஹார்வர்ட் ஸ்டெப் டெஸ்ட். 1943-இல் அமெரிக்காவில் உருவானது. இருபது அங்குல உயரத்தில் ஒரு பலகை. நிமிடத்துக்கு முப்பது முறை ஏறி இறங்க வேண்டும், ஐந்து நிமிடம். பெண்களுக்குப் பலகையின் உயரம் குறைவு. முடித்ததும் உட்கார வைத்து, ஒரு நிமிடம் கழித்து, அடுத்த அரை நிமிடத்துக்கு நாடித் துடிப்பை எண்ணுவார்கள். ஏறி இறங்கிய விநாடிகளை நூறால் பெருக்கி, அந்தத் துடிப்பை 5.5-ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். முழுதாக ஐந்து நிமிடம் தாங்கி, துடிப்பு 80 இருந்தால், 30,000-ஐ 440-ஆல் வகுக்கிறோம். சுமார் 68 வரும். இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளைகள் ஏராளம். அதற்குப் பின்னால் இருக்கிற சங்கதி ஒன்றே ஒன்றுதான்: நல்ல இதயம் வேலை முடிந்ததும் சீக்கிரம் அடங்கிவிடும். அதைப் பலகையில் ஏறி இறங்கி, தன் மணிக்கட்டிலேயே விரல் வைத்துத் தெரிந்துகொண்ட பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

இனி செய்முறைக்கு வருகிறேன். இங்கேதான் பெற்றோர் பலர் ஏமாந்து போகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அந்த 30 மதிப்பெண் இப்படிப் பிரிகிறது: உடல்திறன் சோதனைக்கு 6, ஏதாவது ஒரு விளையாட்டில் உள்ள திறமைக்கு 7, யோகப் பயிற்சிக்கு 7, பதிவேட்டுக்கு 5, வாய்மொழித் தேர்வுக்கு 5. விளையாட்டுத் திறமைக்கு நூற்றுக்கு ஏழு! மாநில அணிக்கு ஆடுகிற பையன், "எனக்குத்தான் விளையாட்டு நல்லா வருமே" என்று புத்தகத்தைத் திறக்காமல் இருந்தால் அந்த ஏழு அவனைக் காப்பாற்றாது. பந்தையே பிடிக்கத் தெரியாத, ஆனால் நன்றாகப் படிக்கிற பெண் தொண்ணூறு தாண்டிவிடுவாள்.

இது அநியாயம் என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சங்கீதத்தைப் பாடமாக எழுதுகிறவர்கள் எல்லோரும் கச்சேரி செய்வதில்லை. உடம்பு எப்படி இயங்குகிறது, பயிற்சி எப்படி வேலை செய்கிறது என்பது ஓர் அறிவு. அந்த அறிவைத்தான் இந்தப் பாடம் சோதிக்கிறது, சோதிக்கட்டும். பையன் எடுக்கப்போவது என்ன பாடம் என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

பயன் என்ன என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான் கட்-ஆஃப். அங்கே 048-க்கு இடமில்லை. மருத்துவத்துக்கு நீட். அங்கேயும் இல்லை. கலை, வணிகம், அறிவியல் பட்டப் படிப்புகளில் சில கல்லூரிகள் ஐந்தாவது பாடமாகச் சேர்த்துக்கொள்ளும், சில சேர்க்காது. சேரப்போகும் கல்லூரியில் கேட்டுக்கொள்வதே நல்லது. பிசியோதெரபிக்குப் போக நினைத்தால் உயிரியல் வேண்டும். உடற்கல்வி மட்டும் வைத்துக்கொண்டு போக முடியாது. இதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு தெரிந்துகொண்டு அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீடு வேறு கதை. அதற்குப் போட்டியில் ஆடி வாங்கிய சான்றிதழ்தான் செல்லும். 048-இல் நூறு எடுத்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்தத் துறைக்கே வர விரும்புகிறவர்களுக்கு வழி தெளிவாக இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்து இரண்டு வருட டி.பி.எட். படித்தால் தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி சொல்லிக்கொடுக்கலாம். பட்டம் முடித்து பி.பி.எட்., அதற்கு மேல் எம்.பி.எட். எங்கள் காலத்தில் பி.பி.எட். ஒரே வருடம். தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் 2014-இல் கொண்டுவந்த விதிகளால் அது இரண்டு வருடமாகிவிட்டது. பயிற்சியாளராக வேண்டுமென்றால் பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ இருக்கிறது. என்.ஐ.எஸ். கோச் என்றால் இன்றைக்கும் மைதானத்தில் தனி மரியாதை. சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமென்றே ஒரு பல்கலைக்கழகம் 2005 முதல் நடக்கிறது. விளையாட்டு மேலாண்மை, விளையாட்டு உளவியல் என்று எங்கள் காலத்தில் காதில் விழாத பெயர்களையெல்லாம் இப்போது பட்டமாகப் படிக்கலாம்.

அரசுப் பள்ளி வேலை என்றால் உடற்கல்வி ஆசிரியர், உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் நிலை உடற்கல்வி இயக்குநர், மேல்நிலைப் பள்ளியில் முதல் நிலை உடற்கல்வி இயக்குநர் என்று படிகள் உண்டு. 'இயக்குநர்' என்றதும் சினிமா ஞாபகத்தில் என்னிடம் வாய்ப்புக் கேட்டு வந்த சொந்தக்காரப் பையனைப் பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன்.

இந்தப் படிப்புக்கு ஒரு வேர் நம் ஊரிலேயே இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் என்னைப் படிக்கவைத்தவர்கள் மன்னிக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் பள்ளிகளில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களே பெரும்பாலும் 'ட்ரில் மாஸ்டர்'. பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, இடது வலது என்று கைகால் ஆட்டவைப்பதோடு வேலை முடிந்தது. ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் மதராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டு மூலமாகக் கல்வி தர முடியும், அதைச் செய்கிறவருக்கும் மற்ற ஆசிரியர்களைப் போல முறையான பயிற்சி வேண்டும் என்பது அவர் நினைப்பு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் அவரே. நந்தனத்தில் அடையாற்றங்கரையில் இருக்கும் அந்த வளாகத்திலிருந்து வெளியே வந்தவர்கள் நாடு முழுக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் போய் உட்கார்ந்தார்கள். குவாலியரில் லட்சுமிபாய் பெயரில் மூன்று வருடப் பட்டப்படிப்போடு ஒரு தேசியக் கல்லூரி வந்தது 1957-இல். அதாவது மதராஸ் தொடங்கி முப்பத்தேழு வருடம் கழித்து.

நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தும் பல பள்ளிகளில் என் இனத்துக்காரர் இன்றைக்கும் ட்ரில் மாஸ்டர்தான். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் விசில், சுதந்திர தினத்துக்கு அணிவகுப்பு, தலைமுடி நீளமாக வளர்த்த பையனைப் பிடிப்பது, பஸ் வரிசை. இவையெல்லாம் செய்ய இரண்டு வருடம் உடற்கூறியல் படித்திருக்க வேண்டியதில்லை.

இனி மூன்றாவது விஷயம். உடற்கல்வி என்ற பெயரில் பள்ளியில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, விரும்புகிறவர்கள் எடுக்கும் 048 பாடம். இன்னொன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பி.டி. பீரியட். முதலாவதைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். இரண்டாவதைப் பற்றி ஒரு பெற்றோரும் எந்தப் பள்ளியிலும் என்னிடம் கேட்டதில்லை.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பதினாறு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உடற்கல்வி கட்டாயம். அதற்குத் தேர்வு கிடையாது. அதோடு, விருப்பமுள்ளவர்கள் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் அதை ஒரு பாடமாக எடுக்கலாம். 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி எழுத்துத் தேர்வுக்கு நூற்றுக்கு 60. மூன்று விளையாட்டுகளில் ஆடிக் காட்டுவதற்கு 30. ஆட்டத்தை அலசி, எங்கே குறை, எப்படித் திருத்துவது என்று சொல்வதற்கு 10. மூன்று விளையாட்டில் ஒன்று குழு விளையாட்டாகவும் ஒன்று தனி விளையாட்டாகவும் இருக்க வேண்டும். கால்பந்து மட்டும் தெரிந்தால் போதாது. நம்முடைய ஏழுக்கு அவர்களுடைய முப்பது நல்ல கணக்கு என்பது என் அபிப்பிராயம். அதைவிட நான் கவனிப்பது வேறு. பாடம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பொதுவான பீரியட் எல்லோருக்கும் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பவில்லை.

நம் நாட்டிலும் காகிதத்தில் இது இருக்கிறது. சி.பி.எஸ்.இ. 2018-இல் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா வகுப்புக்கும் தினம் ஒரு பாடவேளை உடற்கல்விக்கு ஒதுக்கச் சொன்னது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, பாடம் என்றும் பாடத்துக்கு வெளியே என்றும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்கிறது. நடைமுறை உங்களுக்கே தெரியும். "பி.டி. பீரியட் எனக்குக் கொடுங்க, போர்ஷன் முடியல" என்று கணக்கு ஆசிரியர் வருவார், வகுப்பே முனகும். விளையாட்டுத் துறை அமைச்சர் ஒருவரே மேடையேறி, தயவுசெய்து அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமை நம் மாநிலத்தில் வந்தது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளிலோ ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவில் உடற்கல்வி பொதுத்தேர்வுப் பாடமாகவே இல்லை. மார்க் இல்லாததைக் கடன் வாங்குவதில் யாருக்கும் கூச்சம் வராது.

கடன் வாங்காமல் விட்ட பீரியடிலும் என்ன நடக்கிறது? வரிசை, வருகைப் பதிவு, பந்து எடுத்து வருவது. பிறகு பையன்கள் கிரிக்கெட். நன்றாக ஆடுகிற நாலு பேர் பேட்டும் பந்தும் பிடிப்பார்கள். எல்லைக் கோட்டில் நிறுத்தப்பட்ட பையன் முழுப் பீரியடும் ஒரு பந்தைக்கூடத் தொடாமல் வகுப்புக்குத் திரும்புவான். பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியில். ஆசிரியரோ அடுத்த வாரப் போட்டிக்குப் போகும் அணியோடு இருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று எத்தனை கோப்பை வந்தது என்பதை வைத்துத்தான் அவரை எடைபோடுகிறார்கள். கோப்பையைத் தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடலாம். மூச்சு வாங்காமல் மாடி ஏறக் கற்றுக்கொண்ட குண்டுப் பையனை எந்த அலமாரியில் வைப்பது?

ஐந்திலிருந்து பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சராசரியாகத் தினம் 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தகவலை வைத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதினொன்று முதல் பதினேழு வயதுக்காரர்களில் நூற்றுக்கு 81 பேருக்கு அது கிடைக்கவில்லை. பெண் பிள்ளைகளில் 85, பையன்களில் 78. நம் பிள்ளைகள் பள்ளி வேனில் வந்து, டியூஷனுக்கு ஸ்கூட்டரில் போய், வீட்டில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுகிறவர்கள். ஓடுவதற்கு அவர்களுக்குப் பல நாள் கிடைக்கும் ஒரே இடம் இந்த மைதானம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 048 புத்தகத்தில் பெண்களும் விளையாட்டும் பற்றி இருக்கிறது. மாதவிடாய்க் கோளாறு, தேவைக்குக் குறைவாகச் சாப்பிடுவது, எலும்பு பலவீனம் மூன்றும் எப்படி ஒன்றையொன்று இழுத்துவரும் என்றெல்லாம் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் பெண்ணை, அதே பள்ளியின் மைதானத்தில் "நீங்க அந்தப் பக்கம் உட்காருங்கம்மா" என்று ஓரம் கட்டுகிறோம். துப்பட்டாவோடு ஓட முடியாது, மாற்றுடை போட அறை இல்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்றால் அவள் உட்காரத்தான் செய்வாள். இதற்குப் புதிய பாடத்திட்டம் ஒன்றும் வேண்டாம். ஓர் அறை, ஒரு தாழ்ப்பாள், ஒரு குழாய் போதும்.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான அலகும் அப்படியே. சக்கர நாற்காலிக் கூடைப்பந்து, உட்கார்ந்து ஆடும் வாலிபால், பார்வையற்றோர் கிரிக்கெட் எல்லாம் செய்முறைத் தேர்வுக்கே அனுமதிக்கப்பட்டவை. காலில் குறையுள்ள பிள்ளை வந்ததும் நம்மில் எத்தனை பேர் "நீ ஸ்கோர் எழுதுப்பா" என்று நோட்டை நீட்டியிருக்கிறோம்? சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர். பள்ளியில் அவரை உயரம் தாண்டச் சொன்னவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். எல்லோரும் தங்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அந்த ஆசிரியர் நோட்டை நீட்டாமல் விட்ட நாள்தான் பெரிதாகப் படுகிறது. அந்தப் பையன் ஊருக்குள் மட்டுமே தாண்டியிருந்தாலும் அவர் செய்தது சரியான வேலைதான்.

ஆகவே என் யோசனைகள் இரண்டு. இரண்டுக்கும் காசு அதிகம் ஆகாது.

முதலாவது, கேலோ இந்தியா உடல்திறன் சோதனை. உயரம், எடை, 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர், உட்கார்ந்து கால் விரலைத் தொடுவது, வயிற்றுத் தசைக்கு ஒன்று, தண்டால் என்று அது சின்னப் பட்டியல். பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, எண்ணைப் பதிவு செய்து, மூடி வைத்துவிடுகிறோம். அதை ஜூனிலும் ஜனவரியிலும் எடுங்கள். முன்னேற்ற அறிக்கையில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். யார் முதலாவது என்று எழுத வேண்டாம். 600 மீட்டரை நாலரை நிமிடத்தில் முடித்தவள் நாலு நிமிடத்துக்கு வந்தால், அது இரண்டு நிமிடத்தில் ஓடும் பள்ளிச் சாம்பியனின் பழைய கணக்கைவிட அதிகமாகச் சொல்லும். அந்த 600 மீட்டரை ஓடலாம், நடக்கவும் செய்யலாம் என்று சோதனையின் விதியே சொல்கிறது. நடக்கிற பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் வேலை.

இரண்டாவது, பீரியடில் ஆட்டத்தைச் சின்னதாக்குங்கள். நாற்பது பேருக்கு ஒரு கிரிக்கெட் பந்து வேண்டாம். ஐந்தைந்து பேராக, பாதி மைதானத்தில் நாலு கால்பந்தாட்டம் நடக்கலாம். கோ-கோ ஆடலாம். அதில் உட்கார்ந்திருப்பவனும் எந்த நொடி எழ வேண்டியிருக்குமோ என்று தயாராக இருக்கிறான். இதைத் திட்டமிடத்தான் எங்களுக்கு பி.பி.எட். சொல்லிக்கொடுத்தார்கள். கோப்பைக்கு ஆடும் அணிக்குக் காலையும் மாலையும் இருக்கிறது. பீரியட் நேரத்தில் ஆசிரியர் அந்த எல்லைக்கோட்டுப் பையனோடு இருக்கட்டும்.

048 எடுப்பதா வேண்டாமா என்பதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. பிள்ளையிடம் கேளுங்கள், சேர நினைக்கும் கல்லூரியின் விதியைப் பாருங்கள். அதற்கு முன்னால் முதல்வர் அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஜனவரிக்குப் பிறகு மைதானத்துக்கு வருகிறதா? இந்த வருடக் கால அட்டவணை இன்னும் அச்சாகவில்லை என்று கேள்விப்பட்டேன். பெற்றோர் எல்லோரும் இங்கேயே இருக்கிறார்கள். தேர்வு மாதங்களிலும் அந்தப் பீரியட் இருக்குமா என்று அவர் இப்போதே சொன்னால் நன்றாக இருக்கும்.